காப்பர் டி போட்டு ஒன்பது வருடம், ஸ்மியர் ரிப்போர்ட்டில் ‘ஆக்டினோமைசிஸ்’: உடனே கழற்ற வேண்டுமா?

நீலமலர்:
எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும்தான் வருவேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 38 வயது. இரண்டாவது குழந்தை பிறந்து சில மாதங்களில் காப்பர் டி போட்டுக்கொண்டேன், இந்த மாதத்தோடு ஒன்பது வருடம் முடிகிறது. முதல் வருடம் மாதவிடாயில் ரத்தப்போக்கு கொஞ்சம் அதிகமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. அது உள்ளே இருக்கிறது என்கிற நினைப்பே இல்லாமல்தான் இருந்தேன்.

போன வாரம் வழக்கமான பரிசோதனையில் பாப் ஸ்மியர் எடுத்தார்கள். புற்றுநோய் அறிகுறி எதுவும் இல்லை என்று வந்திருக்கிறது, அது பெரிய நிம்மதி. ஆனால் கீழே ஒரு வரி: ‘ஆக்டினோமைசிஸ் போன்ற நுண்ணுயிரிகள் காணப்படுகின்றன’. டாக்டரைப் பார்க்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் இணையத்தில் தேடித் தேடி, வயிற்றுக்குள் சீழ்க்கட்டி, கருக்குழாய் அடைப்பு, கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள் என்று படித்துப் படித்து இரண்டு ராத்திரி தூக்கமே இல்லை. எனக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வெள்ளைப்படுதல்கூட எப்போதும் போலத்தான். நாத்தனாரிடம் சொன்னேன், “ஒன்பது வருடம் உள்ளே ஒரு பொருளை வைத்திருந்தால் புண்ணாகாமல் என்ன ஆகும், நாளைக்கே போய் எடுத்துவிடு” என்கிறார். காப்பர் டியின் நூலைப் பிடித்து நானே இழுத்துவிடலாமா என்றுகூட நேற்று தோன்றிவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

சாரல்:
எடுத்துவிடுங்கள் அக்கா. கிருமி இருக்கிறது என்று ரிப்போர்ட்டே சொன்ன பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? நானும் காப்பர் டி போட்டிருக்கிறேன், உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கே அடிவயிறு கனக்கிற மாதிரி இருக்கிறது.

பழைய சிஸ்டர்:
நீலமலர், முதலில் நூலில் கை வைக்காதீர்கள். எடுக்க வேண்டுமென்றால் மருத்துவமனையில் எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது, ஆனால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நான் குடும்பநலப் பிரிவில் 26 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். போடுவது, எடுப்பது, நூல் தெரியாமல் தேடுவது என்று எல்லாவற்றிலும் டாக்டர் பக்கத்தில் நின்றிருக்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற அந்த வரியைப் பார்த்து அழுதுகொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆக்டினோமைசிஸ் என்பது வெளியிலிருந்து புதிதாக வந்து தொற்றுகிற கிருமி இல்லை. வாயிலும் குடலிலும் சாதாரணமாகவே இருக்கும் ஒரு பாக்டீரியா, பெண்ணுறுப்பிலும் இருக்கும். கருத்தடைச் சாதனம் போட்டிருப்பவர்களின் ஸ்மியரில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இது தெரிகிறது. ‘போன்ற’ என்று எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அந்தச் சொல் முக்கியம். ஸ்மியரில் பார்க்க அந்தக் கிருமி மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். கிருமி ஒட்டிக்கொண்டு இருப்பது வேறு, அது சதைக்குள் இறங்கி நோயாவது வேறு. வலி, காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், உள்பரிசோதனையில் கர்ப்பப்பையைத் தொட்டால் வலி, இப்படி எதுவும் இல்லையென்றால் ஆன்டிபயாடிக்கும் தேவையில்லை, சாதனத்தை எடுக்கவும் தேவையில்லை என்பதுதான் இப்போதைய மருத்துவ வழிகாட்டுதல். அறிகுறி இருந்தால் கதை வேறு. அப்போது எடுத்துவிட்டுச் சிகிச்சை கொடுப்பார்கள்.

இன்னொன்று. நாத்தனார் சொன்னது போல ‘நாளாக ஆக உள்ளே புண்ணாகிக்கொண்டே போகும்’ என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள், ஆனால் உண்மை கிட்டத்தட்ட தலைகீழ். இடுப்புக்குழித் தொற்று, சீட்டில் பி.ஐ.டி. என்று எழுதுவார்களே அது, அதிகம் வருவது போட்ட முதல் மூன்று வாரத்தில். போடும்போது கருவாயில், அதாவது கர்ப்பப்பையின் வாயில், இருக்கிற கிருமிகள் சாதனத்தை உள்ளே வைக்கும் குழாயோடு சேர்ந்து மேலே போய்விடுகின்றன. பெரும்பாலும் கர்ப்பப்பை தானே அதைத் துடைத்துவிடும். அந்த நேரத்தில் கருவாயில் கிளமிடியாவோ கொனோரியாவோ, உறவு மூலம் பரவுகிற தொற்றுகள் இவை, இருந்தால்தான் அது ஏறிப் பிடித்துக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளில் 22,908 முறை பொருத்தியவர்களின் கணக்கைச் சேர்த்து 1992ல் லான்செட் மருத்துவ இதழில் போட்டார்கள். முதல் 20 நாளில் ஆயிரம் பெண்-ஆண்டுக்கு 9.7, அதற்கப்புறம் 1.4 தான். எட்டு வருடம் வரை தொடர்ந்து பார்த்தும் அது ஏறவே இல்லை. அதனால்தான் ‘சுத்தமாக இருக்கட்டும்’ என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதை நான் எப்போதும் எதிர்த்தேன். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அந்த 20 நாளை நாமே மறுபடி வரவழைக்கிறோம்.

வேர்த்தடம்:
சிஸ்டர், மரியாதையோடுதான் கேட்கிறேன். முதல் 20 நாளில் ஆயிரத்துக்குப் பத்துப் பேருக்குத் தொற்று என்றால் அது சின்ன எண்ணிக்கையா? காப்பர் டி போட்ட பெண்களுக்குத் தொற்று பல மடங்கு அதிகம் என்று பழைய புத்தகங்களில் நானே படித்திருக்கிறேன். அமெரிக்காவில் ஒரு கம்பெனியே இதனால் திவாலாகியிருக்கிறது. இதையெல்லாம் மறைத்துவிட்டு ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்வது சரியா? என் அக்கா இதே நம்பிக்கையில் இருந்துதான் கருக்குழாயில் தொற்று வந்து கஷ்டப்பட்டாள். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

பழைய சிஸ்டர்:
உங்கள் அக்காவுக்கு நடந்தது உண்மை, அதை ஒருநாளும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ‘ஒன்றும் ஆகாது’ என்றும் நான் சொல்லவில்லை. எப்போது ஆகும், யாருக்கு ஆகும் என்றுதான் சொல்கிறேன்.

முதலில் அந்த எண். ஆயிரம் பெண்-ஆண்டு என்றால், ஆயிரம் பேர் ஒரு முழு வருடம் அதே அபாயத்தில் இருந்தால் 9.7 என்று பொருள். ஆனால் அந்த அபாயம் 20 நாள்தான் நீடிக்கிறது. 20 நாளுக்குச் சுருக்கினால் ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு, ஏறக்குறைய இரண்டாயிரத்துக்கு ஒருவர். எனக்கும் இது முதலில் புரியவில்லை, எங்கள் பெரிய டாக்டர் சிலேட்டில் போட்டுக் காட்டிய பிறகுதான் விளங்கியது.

அடுத்து அந்தக் கம்பெனி. நீங்கள் சொல்வது டால்கன் ஷீல்டு. 1971ல் ஏ. எச். ராபின்ஸ் கம்பெனி அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தது, 1974ல் விற்பனை நின்றது, வழக்குகள் குவிந்து 1985ல் கம்பெனி திவால் மனு கொடுத்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்கள் போட்டிருந்தார்கள். சாதனத்தோடு கர்ப்பமானவர்களில் சிலர் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து இறந்தும் போனார்கள். அதில் பெரிய குற்றவாளி நூல்தான். நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளை ஒன்றாகச் சேர்த்து அதற்கு மேல் நைலான் உறை போட்டிருந்தார்கள். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அந்த இழைகளுக்கு நடுவில் ஈரமும் கிருமியும் மேலே ஏறின. இப்போது காப்பர் டியில் இருப்பது தூண்டில் நரம்பு மாதிரி ஒற்றை இழை, அதற்குள் ஏற இடமே கிடையாது. அந்த ஒரு சாதனத்தின் பாவத்தை எல்லாச் சாதனமும் இன்னும் சுமக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

பழைய புத்தகங்களின் ‘பல மடங்கு’ எப்படி வந்தது என்றும் கேளுங்கள். அந்த ஆய்வுகளில் பலவற்றில் காப்பர் டி போட்டவர்களைக் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களோடும் ஆணுறை போடுபவர்களோடும் ஒப்பிட்டார்கள். ஆணுறை தொற்றைத் தடுக்கும், மாத்திரை கருவாய்ச் சளியைக் கெட்டியாக்கும். அவர்கள் பக்கத்தில் வைத்தால் யார் எண்ணிக்கையும் பெரிதாகத்தான் தெரியும். டால்கன் ஷீல்டு போட்டவர்களும் அந்தக் கணக்கில் கலந்திருந்தார்கள்.

2001ல் மெக்ஸிகோவில் 1,895 பெண்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. குழந்தை இல்லாமல் கருக்குழாய் அடைத்திருந்தவர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். காப்பர் சாதனம் போட்டிருந்ததற்கும் குழாய் அடைப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. முன்பு எப்போதோ கிளமிடியா வந்துபோனதற்கான தடயம் ரத்தத்தில் இருந்ததற்கும் அடைப்புக்கும்தான் தொடர்பு தெரிந்தது. உங்கள் அக்காவுக்குப் போடுவதற்கு முன் கருவாயை நன்றாகப் பார்த்தார்களா, பரிசோதனை ஏதாவது எடுத்தார்களா? கருவாயிலிருந்து சீழ் போல வடிந்தால் அன்றைக்குப் போடவே கூடாது. என் கேள்வியெல்லாம் அங்கேதான்.

வேர்த்தடம்:
பரிசோதனை எதுவும் எடுக்கவில்லை. போட்டு இரண்டாவது வாரமே வலி ஆரம்பித்தது, ‘புதிதாகப் போட்டால் அப்படித்தான் இருக்கும்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐந்து நாள் கழித்துக் காய்ச்சலோடு போனபோதுதான் படுக்கை கொடுத்தார்கள்.

பழைய சிஸ்டர்:
அந்த ஐந்து நாள் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும். நெஞ்சு வலிக்கிறது. போட்ட இரண்டு மூன்று நாள் இழுத்துப் பிடிப்பது போல வலி இருக்கலாம், ஆனால் அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனால் அது ‘புதிதாகப் போட்ட’ வலி கிடையாது. காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது, காய்ச்சலே இல்லாமல்கூட இந்தத் தொற்று வரும்.

இளவேனில்:
என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், பெயர் தெரியாத இடம் என்பதால் எழுத முடிகிறது. எனக்கு 27 வயது. சாதனம் போட்டு ஒன்றரை வருடத்தில் நடுநடுவே ரத்தம் படுவதும், உறவின்போது ஆழத்தில் வலியுமாக இருந்தது. காப்பர் டி நகர்ந்துவிட்டதோ என்று ஸ்கேன் எடுத்தேன், இடத்தில்தான் இருந்தது. அப்புறம் எடுத்த பரிசோதனையில் கிளமிடியா. கொடுத்தவர் என் துணைவர், அவருக்கு ஓர் அறிகுறியும் இல்லை!

முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்தார்கள், குழாயில் கரு தங்கினாலும் இதே வலிதான் வரும் என்று சொன்னார்கள். அப்புறம் ஓர் ஊசி, கூடவே இரண்டு வகை மாத்திரை பதினான்கு நாள். சாதனத்தை எடுக்கவில்லை. இரண்டு மூன்று நாளில் வலி குறையவில்லையென்றால் எடுத்துவிடலாம், குறைந்தால் இருக்கட்டும் என்றார்கள். மூன்றாம் நாள் நன்றாகவே குறைந்துவிட்டது, சாதனம் இன்னும் இருக்கிறது. அவருக்கும் சேர்த்துத்தான் மருந்து கொடுத்தார்கள், இரண்டு பேருக்கும் முடியும்வரை உறவு கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். காப்பர் டி கர்ப்பத்தைத்தான் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. இதை யாராவது எனக்குப் போடும்போதே உரக்கச் சொல்லியிருக்கலாம்.

அந்திமழை:
இத்தனை நேரம் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் சொல்வது அத்தனையும் சரி. ஆனால் அந்த அபூர்வமான பக்கத்தில் போய் விழுந்தவள் நான்.

32 வயதில் போட்டேன். 48 வயதில் எடுத்தார்கள். நடுவில் 16 வருடம். பத்து வருடத்துக்கான சாதனம் அது, ஆனால் தேதி எழுதிய அட்டை எனக்குக் கொடுக்கப்படவே இல்லை, நானும் கேட்கவில்லை. வீடு மாறினோம், டாக்டர் மாறினார், பிள்ளைகள் வளர்ந்தார்கள், அது அப்படியே உள்ளே இருந்துவிட்டது. கடைசி வருடத்தில் எடை குறைய ஆரம்பித்தது. எல்லோரும் இளைத்துவிட்டாய், நன்றாக இருக்கிறாய் என்றார்கள். அடிவயிற்றில் ஒரு மந்தமான வலி, வரும் போகும். மலம் கழிப்பதில் சிரமம். சோர்வு. காய்ச்சல் என்று பெரிதாக எதுவும் இல்லை, சாயங்காலத்தில் லேசாக உடம்பு சுடும், அவ்வளவுதான்.

ஸ்கேனில் இடது சினைப்பையை ஒட்டி ஒரு கட்டி, குடலோடும் ஒட்டியிருந்தது. சினைப்பைப் புற்றுநோய் என்றே முடிவு செய்துவிட்டார்கள். என் மகள் ஆஸ்பத்திரி வராண்டாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. வயிற்றைத் திறந்தார்கள், இடது சினைப்பையும் குழாயும் போயின. பரிசோதனைக்கு அனுப்பிய சதையில் மஞ்சள் துகள்கள், ஆக்டினோமைசிஸ். புற்றுநோய் இல்லை. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு அழுதது போல நான் என்றைக்கும் அழுததில்லை. நான்கு வாரம் நரம்பு வழியாக பென்சிலின், அதன்பின் ஆறு மாதம் மாத்திரை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் கத்தியே வைக்காமல் இந்த மருந்திலேயே பெரும்பகுதி கரைந்திருக்கக்கூடும் என்று பின்னால் சொன்னார்கள்.

நீலமலர், உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. உங்களுக்கு வலி இல்லை, ஸ்மியர் எடுத்திருக்கிறீர்கள், வருடம் எத்தனை என்று விரல்விட்டுச் சொல்கிறீர்கள். இந்த மூன்றும் என்னிடம் இல்லை. டாக்டரிடம் போகும்போது, எந்தச் சின்ன வலிக்காகப் போனாலும் சரி, ‘உள்ளே காப்பர் டி இருக்கிறது, இத்தனை வருடம் ஆகிறது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நான் அந்த வருடத்தில் மூன்று டாக்டர்களைப் பார்த்தேன், மூவரிடமும் அதைச் சொல்லவில்லை. எனக்கே நினைவில்லை.

நீலமலர்:
அந்திமழை அக்கா, இதை எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. பயம் கூடவில்லை, குறைந்துதான் இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது.

கரையோரம்:
நான் ஆண், இங்கே எழுதலாமா தெரியவில்லை, மன்னிக்கவும். இந்த இழையை ராத்திரி முழுக்கப் படித்தேன். என் அம்மாவுக்கு 61 வயது. மாதவிடாய் நின்று பத்து வருடம் இருக்கும். காலையில் தயங்கித் தயங்கிக் கேட்டேன், “ஆமாம், உனக்குத் தங்கச்சி பிறந்தப்புறம் லூப் வைத்தார்கள், எடுத்த மாதிரி ஞாபகம் இல்லை” என்கிறார். வலி எதுவும் இல்லை என்கிறார். அது தானாக விழுந்திருக்குமா? இருந்தால் இப்போது என்ன செய்வது?

பழைய சிஸ்டர்:
தம்பி, கேட்டது ரொம்ப நல்லது, மன்னிப்பெல்லாம் எதற்கு. பிள்ளைகள் கேட்காமல் அம்மாக்கள் இதை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்கள்.

விழுந்திருக்கலாம், தெரியாமலே விழுவதும் உண்டு. ஆனால் விழுந்திருக்கும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மகப்பேறு டாக்டரிடம் கூட்டிப்போங்கள், நூல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள், தெரியாவிட்டால் ஸ்கேன். ஸ்கேனிலும் கர்ப்பப்பையில் காணவில்லை என்றால் வயிற்றுக்கு ஓர் எக்ஸ்ரே, அது கர்ப்பப்பைச் சுவரைத் தாண்டி வயிற்றுக்குள் போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. அப்படிப் போவது அபூர்வம், பொருத்தியதில் ஆயிரத்துக்கு ஒன்று இரண்டு. இருந்தால் எடுத்துவிடுவது நல்லது. மாதவிடாய் நின்றபின் கர்ப்பப்பை சுருங்கி, வாயும் இறுகிவிடும், நாளாக ஆக எடுப்பது சிரமம். கசிவு உள்ளேயே தேங்கிச் சீழ் பிடிப்பதும் அந்த வயதில் நடக்கிறது. வாயைத் தளர்த்த மருந்து கொடுத்தோ, கொஞ்சம் மயக்கம் கொடுத்துக் கேமரா வைத்துப் பார்த்தோ எடுப்பார்கள். இந்த வயதில் துளி ரத்தம் பட்டாலும், நாற்றத்தோடு எது வடிந்தாலும் அதே நாளில் போக வேண்டும். அம்மாவிடம் அதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

பொதுவாகவும் சொல்லிவிடுகிறேன், நாற்பது வயதிலோ அதற்குப் பிறகோ காப்பர் சாதனம் போட்டவர்கள் மாதவிடாய் நிற்கும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று பிரிட்டன் வழிகாட்டுதல் சொல்கிறது. நின்றபின் வைத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

சாரல்:
ஹார்மோன் உள்ள சாதனம் இருக்கிறதே, மிரேனா மாதிரி, அதில் தொற்று குறைவா சிஸ்டர்? மாற்றும்போது அதைப் போடலாமா என்று யோசிக்கிறேன்.

பழைய சிஸ்டர்:
அது கருவாய்ச் சளியைக் கெட்டியாக்குகிறது, மாதவிடாய் ரத்தத்தையும் குறைக்கிறது. அதனால் கிருமி ஏறுவது குறையும் என்று கருத இடமிருக்கிறது. ஆனால் போட்ட முதல் மூன்று வாரக் கவனம் இரண்டுக்கும் ஒன்றுதான். தொற்றுக்காக மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டாம், ரத்தப்போக்கு அதிகம் என்றால் அதைக் கேளுங்கள்.

நீலமலர்:
டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். அரை மணி நேரம் பொறுமையாகப் பேசினார். உள்பரிசோதனையில் எங்கேயும் வலி இல்லை, ஸ்கேனில் சாதனம் சரியான இடத்தில் இருக்கிறது, குழாய்களில் வீக்கம் இல்லை. கிளமிடியா, கொனோரியா இரண்டுக்கும் பரிசோதனை எடுத்தார், இரண்டும் இல்லை என்று இன்று வந்துவிட்டது. மருந்து எதுவும் தரவில்லை. என்னுடையது காப்பர் டி 380ஏ வகை, பத்து வருடத்துக்கானது, அதனால் இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும் என்றார். எனக்கு மனசு கேட்காவிட்டால் இப்போதே எடுத்துத் தருவதாகவும் சொன்னார். வைத்துக்கொள்கிறேன் என்றேன். என் வாயாலேயே அப்படிச் சொல்வேன் என்று பத்து நாளுக்கு முன்னால் நினைத்திருக்க மாட்டேன்.

சிஸ்டர், எடுப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்றீர்களே, சொல்லாமலே விட்டுவிட்டீர்கள்.

பழைய சிஸ்டர்:
ஆமாம், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். திங்கட்கிழமை உறவு, புதன்கிழமை சாதனத்தை எடுத்தால் கர்ப்பம் நிற்க வாய்ப்பு உண்டு. அதனால் எடுப்பதற்கு முன் ஏழு நாள் உறவு வேண்டாம், இல்லையென்றால் ஆணுறை. மாற்றுவதாக இருந்தாலும் இதேதான், பழையதை எடுத்தபின் புதியது ஒருவேளை உள்ளே போகவில்லை என்றால்?

சாரல்:
இதைப் படித்துவிட்டு அலமாரியைக் குடைந்து என் அட்டையைத் தேடி எடுத்தேன். என்னுடையது மல்டிலோடு, ஐந்து வருடம்தான் போட்டிருக்கிறது. ஆறரை வருடம் ஆகிவிட்டது! எல்லாக் காப்பர் டியும் பத்து வருடம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வருகிற வியாழக்கிழமை பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். அடிவயிறு கனத்தது வெறும் பயம்தான், இப்போது ஒன்றும் இல்லை.

பழைய சிஸ்டர்:
அதுவரை ஆணுறை. கனம் மறுபடி வந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாற்றிய தேதியை அட்டையில் மட்டும் விடாமல் போனிலும் குறித்துக்கொள்ளுங்கள், அன்றிலிருந்து 20 நாள் மறுபடி எண்ண வேண்டும். நடுவில் வலி கூடினால் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே போய்விடுங்கள்.